வலி நின்றால் வேலை முடிந்ததா?

அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை முடிந்ததும் வலி போய்விட்டது. "வலிதான் இல்லையேப்பா, பல்லுக்கு மேல உறையா போடற கிரவுன் எதுக்கு?" என்றார். நானும் விட்டுவிட்டேன். தற்காலிக அடைப்போடு எட்டு மாதம் ஓடியது.

போன வாரம் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வாங்கிய முறுக்கு. ஒரே கடி. பல் நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதி ஈறோடு ஆடியது. பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் பல் மருத்துவர் விளக்கினார்: சொத்தையைச் சுரண்டி, வேர் வரை திறப்பதில் பல்லின் சுவர் மெலிந்துவிடும், மெல்லும் அழுத்தத்தைத் தாங்காது. அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், வேர் சிகிச்சைக்குப் பின் கிரவுன் போடாத பற்கள், போட்டவற்றைவிட 6 மடங்கு வேகமாக இழக்கப்பட்டிருந்தன.

வலி நிற்பது பாதி வேலைதான். கடைவாய்ப் பல் என்றால், கிரவுன் பற்றி உடனே கேளுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.