தண்ணீர் எதுவரை வந்தது?

2015 டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை சென்னையை அடுத்த தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை கடந்தது. காலநிலை மாற்றத்தின் வேலை இது என்று உடனே பேச்சு எழுந்தது. ஆனால் நெதர்லாந்து வானிலை நிறுவனத்தாரும் பிற நாட்டு அறிவியலாளர்களும் அந்த ஒரு மழையைத் தனியே ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட கட்டுரை, இந்தக் கடற்கரையின் ஒருநாள் பெருமழையில் பசுமைக்குடில் வாயுக்களின் தடயம் தெளிவாகத் தெரியவில்லை என்றது. புவி சூடாகவில்லை என்று இதற்குப் பொருளில்லை. காற்றில் மிதக்கும் புகையும் தூசும் வங்கக் கடலின் சூட்டை மட்டுப்படுத்தியிருக்கலாம் என்பதையும் அதே கட்டுரை சொன்னது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. தணிக்கை அறிக்கை, நடந்ததை மனிதர்களால் விளைந்த பேரிடர் என்று எழுதியது.

நகரத்தில் காலநிலையின் மனிதப் பக்கத்தையும் கொள்கைப் பக்கத்தையும் ஆராய்பவரின் வேலை இந்த இரண்டு ஆவணங்களுக்கு நடுவில் தொடங்குகிறது. எவ்வளவு மழை என்பதை மழைமானி சொல்லிவிடும். தண்ணீரின் பாதையில் யார் இருந்தார்கள், அவர்களை அங்கே இருக்க வைத்தது எது என்பதற்குத் தெருவிலும் கோப்பிலும்தான் விடை தேட வேண்டும்.

தெருவில் முதல் பாடம் கேள்வி கேட்பது. ‘காலநிலை மாற்றம் உங்களை எப்படிப் பாதிக்கிறது?’ என்று கேட்டால் தொலைக்காட்சியில் கேட்ட பதில் திரும்பி வரும், இல்லாவிட்டால் மௌனம். ‘தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுக்கா?’ என்று கேட்டால் கை தானாக நிலைக்கதவை நோக்கிப் போகும். இந்த ஆணி வரைக்கும். அடுத்து, பரணில் முதலில் ஏற்றியது எதை என்ற கேள்வி. டிவியும் கேஸ் சிலிண்டரும் வரும் என்று புதிதாக வந்த ஆய்வாளர் எதிர்பார்ப்பார். பெரும்பாலும் வருவது ஒரு ஜவுளிக்கடைப் பை: ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், ஆதார், அடகுக்கடை ரசீது. நிவாரணத்துக்கும் மாற்று வீட்டுக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் அந்தப் பையே ஆதாரம். அது நனைந்த வீட்டுக்கும் நனையாத வீட்டுக்கும் அடுத்த ஓராண்டு ஒன்றாக இருப்பதில்லை. இழப்பை ரூபாயில் மட்டும் கேட்கும் படிவத்தில் இந்தப் பைக்குக் கட்டமே இருக்காது.

எப்போது நடந்தது என்ற பதிலை வாங்குவது அதைவிடக் கடினம். 2015, 2021, 2023 என்று வெள்ளங்கள் நினைவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஆண்டைக் கேட்பதில் பயனில்லை. வர்தா புயலுக்கு முன்னாடியா பின்னாடியா, ஜெயலலிதா இறந்தபோது எந்த வீட்டில் இருந்தீர்கள், ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாமல் போனபோது வேலை இருந்ததா என்று கேட்டால் கணக்கு நேராகிவிடும். மூன்றும் 2016 நவம்பர், டிசம்பரில் அடுத்தடுத்து நடந்தவை. சென்னைக்காரர்களின் நினைவில் அவை அடித்து வைத்த முளைகள்.

யார் பேசுகிறார்கள் என்பதும் முக்கியம். காலை பதினொரு மணிக்குக் குடியிருப்புக்குள் போனால் முதியவர்களும் வேலைக்குப் போகாத பெண்களும் கிடைப்பார்கள். வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் போனவர்கள் அந்தக் கணக்கில் விழமாட்டார்கள். வெயிலைப் பற்றிய ஆய்வில் இது பெரிய ஓட்டை, ஏனென்றால் வெயிலில் நின்றவர்களே அவர்கள்தாம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வற்றியபோது நேர்காணலின் நேரத்தைத் தண்ணீர் லாரிதான் முடிவு செய்தது. ‘லாரி வர்ற நேரம், அப்புறம் வாங்க’ என்பதே ஒரு தரவு. அந்த ஜூலை 12இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நகரின் வழக்கமான விநியோகம் நாளொன்றுக்கு 80 கோடி லிட்டருக்கு மேல். ரயிலுக்கு மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். குடத்தோடு நின்ற மணி நேரங்களைக் கூட்டிப் பார்க்க எந்தத் துறையிலும் பதிவேடு இல்லை.

வெப்பத்தில் சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. வெயில், வெக்கை, அனல், புழுக்கம் நான்கும் வேறு வேறு. கடலோர ஊரில் ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் புழுக்கம். வெப்ப அலை அறிவிப்புகளோ பெரும்பாலும் வெப்பநிலையையே பார்க்கின்றன. கர்ப்பிணிகளான தொழிலாளர்கள் 800 பேரைத் தமிழ்நாட்டில் பின்தொடர்ந்து 2024இல் வெளியான ஆய்வு ஈரப்பதத்தையும் சேர்த்தே வெப்பத்தை அளந்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இருமடங்கு என்று அது காட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் மாநில அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்ல ஆணைதான். சாரத்திலிருந்து இறங்கி வந்து நிழலில் சாய்ந்தவரின் சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்று மட்டும் எழுதப்பட்டால் அந்த ஆணை அவர் வீட்டை எட்டாது. ஆகவே இந்த ஆய்வில் கொள்கையைப் படிப்பது என்றால் அரசாணையோடு அதன் கீழ் நிரப்பப்படும் படிவத்தையும் படிப்பது.

அலுவலகங்களில் விஷயம் தெரிந்தவர்கள் உதவிப் பொறியாளர்கள். எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு, கழிவுநீர்க் குழாய் மெட்ரோ வாட்டருக்கு, ஆறு நீர்வளத் துறைக்கு, பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு என்று ஒரே தெருவில் நான்கு கை. ஆய்வாளர் நான்கு அலுவலகமும் ஏறி இறங்கினால் ஒவ்வொன்றிலும் மற்ற மூன்றின் குறை கிடைக்கும். அதைப் புறம்பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது. வேலை எந்த இணைப்பில் நின்றுபோகிறது என்பதற்கு அதுவே வரைபடம். ஆர்.டி.ஐ. மனுவும் உதவும். என்ன ஆவணம், எந்த ஆண்டு, எந்த மண்டலம் என்று குறித்துக் கேட்டால்தான் உருப்படியான பதில் வரும்.

கோப்புகளில் ஆளைக் கவிழ்க்கும் சொல் ‘ஆக்கிரமிப்பு’. 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். அது நகர விரிவாக்கம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது, பார்க்கத்தான் ஏரி இல்லை. சென்னை விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீள்கிறது, அது வளர்ச்சி. ஆற்றோரக் குடிசை மட்டும் நீர்நிலைப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு. 2015க்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல, வெள்ளத்திலிருந்து காப்பது என்ற பெயரில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அங்கேயும் தண்ணீர் நின்றது.

இதனால்தான் களக்குறிப்பைக் கையாளுவதிலும் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. தண்ணீர் ஏறிய வீடுகளை ஜி.பி.எஸ். புள்ளியாகக் குறித்த வரைபடம் வடிகால் கேட்கவும் உதவும், வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் உதவும். வரைந்தவர் எதற்காக வரைந்தார் என்பதைப் புள்ளிகள் சொல்லாது. அச்சுக்குப் போகும் வரைபடத்தில் வீடுகளைத் தெருவாகத் திரட்டிக் காட்டுவதே நேர்மை. ‘எழுதிட்டுப் போறீங்களே, பணம் ஏதாச்சும் வருமா?’ என்று கேட்பவரிடம் வராது என்று முதலிலேயே சொல்லிவிடுவதும் அப்படித்தான். சொன்ன பிறகு பாதிப் பேர் எழுந்து போவார்கள். மிச்சப் பேர் பேசுவதில்தான் விஷயம் இருக்கும்.

எழுதியதை யார் படிப்பது என்பது கடைசிக் கேள்வி. சென்னையின் காலநிலைச் செயல் திட்ட வரைவு 2022 செப்டம்பரில் ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டு மக்களிடம் கருத்து கேட்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகே தமிழ் வடிவம் வந்தது. இறுதித் திட்டம் 2023 ஜூனில் வெளியானது. ஆய்வாளர்களும் இதில் யோக்கியர்கள் அல்லர். பேட்டி தமிழில், அறிக்கை ஆங்கிலத்தில் என்பதே வழக்கம். நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு அதே தெருவுக்குத் திரும்பிப் போய் வாசித்துக் காட்டினால், முதலில் தெருவின் பெயரைத் திருத்துவார்கள். அடுத்து, தண்ணீர் ஏறிய நேரத்தை.