நிலநடுக்க டூல் காட்டுற கலர்

எங்கயாவது நிலம் லேசா ஆடினா போதும், அன்னைக்கு ராத்திரியே "அடுத்தது சென்னை"ன்னு ஃபார்வர்டு வந்துடும். கூடவே ஏதோ ஒரு வெப்சைட் ஸ்கிரீன்ஷாட். இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்காக இந்த த்ரெட். நான் எம்பிபிஎஸ், ஜியாலஜிஸ்ட் இல்ல. ஆனா அந்த ஸ்கிரீன்ஷாட்ல இருக்கிற கணக்கு எங்க ஓபில தினமும் புழங்குற கணக்குதான்.

வயசு, பிரஷர், சுகர், சிகரெட், கொலஸ்ட்ரால் எல்லாம் சேர்த்து சார்ட்ல பார்த்தா, 10 வருஷத்துல மாரடைப்போ பக்கவாதமோ வர எத்தனை சதவீதம் வாய்ப்புன்னு ஒரு கலர் வரும். "எப்போ வரும் டாக்டர்?"னு கேட்டா அதுக்கு சார்ட்ல பதில் கிடையாது.

நிலநடுக்க டூலும் அப்படித்தான். உலக வங்கியோட திங்க்ஹஸார்ட் தளத்துல ஊர் பேரை டைப் பண்ணினா அதிகம், நடுத்தரம், குறைவு, மிகக் குறைவுன்னு ஒரு விடை வரும். நடுத்தரம்னா, சேதம் பண்ற அளவுக்கு அடுத்த 50 வருஷத்துல நிலம் குலுங்க 10% வாய்ப்பு. நாளைக்கு வருதுன்னு எந்த டூலும் சொல்லாது. சொன்னா அது டூலே இல்ல, ஜோசியம்.

இந்தத் தளங்கள்ல '475 ஆண்டு'ன்னு ஒரு எண் அடிக்கடி கண்ணுல படும். 475 வருஷத்துக்கு ஒருமுறை கரெக்டா வரும்னு அர்த்தம் இல்ல. ஒவ்வொரு வருஷமும் 475ல் 1 வாய்ப்பு. அதையே 50 வருஷத்துக்குப் போட்டா அந்த 10% வரும், அவ்வளவுதான்.

சரி, 'குறைவு'ன்னு வந்தா நிம்மதியா தூங்கலாமா? 1993 செப்டம்பர் 30, மகாராஷ்டிராவின் கில்லாரி. அன்றைய இந்திய வரைபடத்தில் அது மண்டலம் 1, இருக்கிறதுலயே குறைவான ஆபத்து. விடியறதுக்கு முன்னாடி வந்த 6.2 அளவு நிலநடுக்கத்துல, கல்லும் மண்ணும் வச்சுக் கட்டின வீடுகளுக்குள்ள தூங்கிட்டிருந்த ஆயிரக்கணக்கானவங்க இறந்தாங்க. 2002ல வரைபடத்தைத் திருத்தினப்போ மண்டலம் 1ஐயே எடுத்துட்டாங்க. சென்னை 2லேர்ந்து 3க்கு வந்ததும் அப்போதான்.

2001 ஜனவரி 26, குஜராத்தின் புஜ். மண்டலம் 5. வரைபடம் சரியாத்தான் சொல்லியிருந்தது. ஆனா அங்க இருந்த அரசு மருத்துவமனையே இடிஞ்சு விழுந்துச்சு. காயம்பட்டவங்களைத் தூக்கிட்டு ஓட வேண்டிய இடமே இல்ல. கேஷுவாலிட்டில டியூட்டி பார்க்கிறவனா, இந்த இடத்துல எனக்குப் படிக்கிறதே நின்னுடுச்சு. அப்புறம் புதுசா கட்டின மருத்துவமனைக்கு அடியில ரப்பரும் ஈயமும் சேர்ந்த பேரிங் வச்சாங்க, நிலம் குலுங்கினாலும் கட்டடத்துக்கு அது குறைவா வந்து சேரும்.

டூல் காட்டுறது நிலத்தோட ரிப்போர்ட் மட்டும். உங்க வீட்டோட ரிப்போர்ட் அதுல வராது. அதே நிலநடுக்கத்துல, 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்துல இருந்த அகமதாபாத்ல, கீழ்த்தளத்துல சுவரில்லாம தூண் மட்டும் நிறுத்தி பார்க்கிங் விட்ட அபார்ட்மென்ட்கள் பல விழுந்துச்சு. நம்ம ஊர்லயும் இப்போ தெருவுக்குத் தெரு அதே டிசைன்.

வீடு கட்டிட்டிருக்கீங்கன்னா, காங்கிரீட் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை சைட்டுக்குப் போங்க. தூண் கம்பியைச் சுத்தி கட்டுற ரிங்கோட முனைகள் தூணோட உள்பக்கம் பார்த்து 135 டிகிரி மடிஞ்சிருக்கணும். வெறும் 90ல விட்டிருந்தா மடிக்கச் சொல்லுங்க. மண்டலம் 3லேர்ந்து இது விதி. "சென்னைல எதுக்கு சார் இதெல்லாம்?"னு மேஸ்திரி கேப்பாரு. 2001 செப்டம்பர்ல பாண்டிச்சேரி கடல்ல வந்த 5.5 அளவு நிலநடுக்கம் சென்னை வரைக்கும் ஆட்டினதை அவருக்கு ஞாபகப்படுத்துங்க.