ரிச்சி தெருவில் ஒரு ஹெட்போன் வேட்டை!

பாக்கெட்ல நாலாயிரமோ, அஞ்சாயிரமோ இருக்கு. ராத்திரி ஹாஸ்டல் ரூம்ல பாட்டும் கேட்கணும், கம்ப்யூட்டர்ல கேமும் ஆடணும். ரெண்டுக்கும் ஒரே ஹெட்போன்... இதுதானே உங்க கணக்கு? அப்போ ஒரு சனிக்கிழமை காலையில கிளம்புங்க ரிச்சி தெருவுக்கு. ஞாயித்துக்கிழமை போனா, இழுத்து மூடின ஷட்டர்களை எண்ணிட்டுத்தான் திரும்பணும்!

சென்னை அண்ணா சாலைக்குப் பின்னாடி, சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி இருக்கு இந்த ஏரியா. மெட்ரோன்னா அரசினர் தோட்டம் ஸ்டேஷன், பறக்கும் ரயில்னா சிந்தாதிரிப்பேட்டை. அங்கிருந்து நடராஜா சர்வீஸ்தான். பேர்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடுன்னு பல தெருக்கள் சேர்ந்ததுதான் இந்த மார்க்கெட். நம்ம இன்ஜினீயரிங் மக்களுக்கு இது ரெண்டாவது காலேஜ். ப்ராஜெக்ட்டுக்கு சென்சார், ஆர்டுயினோ போர்டு, சால்டரிங் அயர்ன்னு எல்லாமே இங்கேதான். ஆனா, ரெசிஸ்டர் வாங்குற மாதிரி ஹெட்போன் வாங்க முடியாது. ரெசிஸ்டருக்கு மல்டிமீட்டர் போதும். ஹெட்போனுக்கு உங்க காதுதான் மீட்டர்!

அந்த மீட்டரைத்தான் இந்தத் தெரு முதல்ல ஏமாத்தும். எப்படின்னு கேளுங்க. ஒரு பக்கம் தட்டு ரிக்‌ஷா, ஒரு பக்கம் பைக் ஹாரன், எதிர்க்கடையில ஸ்பீக்கர் டெஸ்டிங். இந்த இரைச்சல் ஹெட்போனோட பேஸ் சத்தத்தை முதல்ல முழுங்கிடும். அதனால, எந்த ஹெட்போன் 'தொம் தொம்'னு அதிகமா அதிருதோ, அதுதான் சூப்பர்னு தோணும். இன்னொரு விஷயம்... ரெண்டு ஹெட்போனை மாத்தி மாத்திக் கேட்டா, கொஞ்சம் கூடுதல் சத்தமா இருக்கிறதைத்தான் காது நல்லதுன்னு சொல்லும். கடையில ஜெயிச்ச அதே ஹெட்போன், ராத்திரி பதினோரு மணிக்கு அமைதியான ரூம்ல தலைவலி கொடுக்கும்.

அதனால ரூல் நம்பர் ஒண்ணு. வாங்குற இடத்துக்காக இல்ல, கேட்கப்போற இடத்துக்காகத் தேர்ந்தெடுங்க. கடையோட உள்பக்கம் போய் நில்லுங்க. "அண்ணே, டெமோ பீஸ் இருக்கா? என் போன்லயே போட்டுக் கேட்டுக்கிறேன்"னு பணிவா கேளுங்க. "தாராளமா கேளு தம்பி"ன்னு சொல்ற கடையில மட்டும் மேற்கொண்டு பேசுங்க. ஒவ்வொண்ணையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் ஒப்பிடுங்க.

என்ன பாட்டு போடுறது? பல வருஷமா கேட்டு மனப்பாடமான பாட்டு. புதுப் பாட்டு வேணாம். நான் சிபாரிசு பண்றது, 2005-ல் வந்த இளையராஜாவின் 'திருவாசகம்'. புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசிச்சது. கோரஸ், வயலின், ராஜா குரல் மூணும் தனித்தனியா பிரிஞ்சு கேட்குதா, இல்ல சாம்பார் சாதமா கலந்து கேட்குதான்னு பாருங்க. அடுத்து ஒரு கானா பாட்டு. அடி நல்லா விழணும், ஆனா பாடுறவர் குரலை அது மூடக்கூடாது. இது கேமுக்கும் பொருந்தும். பேஸ் ஓவரா இருந்தா, குண்டு வெடிக்கிறது மட்டும் பிரமாதமா கேட்கும். பின்னாடி வர்ற எதிரியோட காலடிச் சத்தம் அதுல அமுங்கிடும். அப்புறம் என்ன, நீங்க அவுட்!

இப்போ டப்பாவைப் பார்ப்போம். '7.1 சரவுண்ட்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். உள்ளே ஏழு ஸ்பீக்கரா இருக்கு? பெரும்பாலும் காதுக்கு ஒண்ணுதான். மிச்சமெல்லாம் சாஃப்ட்வேர் வித்தை. வலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி கேம்கள்லயே எச்.ஆர்.டி.எஃப். வசதி இருக்கு. சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தா நம்ம காதுல எப்படி விழும்னு கணக்குப் போட்டு, சாதாரண ஸ்டீரியோ ஹெட்போனுக்கே அனுப்பிடும். அதுக்கு மேல ஹெட்போனோட 7.1-ஐயும் ஆன் பண்ணினா, கணக்கு ரெண்டு தடவை நடந்து திசையே குழம்பும். விண்டோஸ் 10, 11 ரெண்டுலயும் 'விண்டோஸ் சோனிக்' இலவசமாவே இருக்கு. ஸோ, 7.1-க்குன்னு தனியா காசு கொட்டாதீங்க.

'5 ஹெர்ட்ஸ் முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை'ன்னு போட்டிருந்தாலும் மயங்காதீங்க. மனுஷக் காதோட எல்லையே 20-லிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். கவனிக்க வேண்டிய நம்பர், 'ஓம்'. 32 ஓம் பக்கத்துல இருந்தா லேப்டாப்பே சுலபமா ஓட்டும். பேயர்டைனமிக் டி.டி. 770 ப்ரோ ஒரே மாடல்தான், ஆனா 32, 80, 250 ஓம்னு மூணு வகையில வருது. 250 ஓம் வகையை லேப்டாப்ல நேரா சொருகினா சத்தம் பத்தாது. தனியா ஆம்ப்ளிபையர் வாங்கணும், பட்ஜெட் காலி!

அடுத்து, மூடினதா, திறந்ததா? வெளிப்பக்கம் திறந்த 'ஓப்பன் பேக்' மாடல்ல இசை விசாலமா இருக்கும். ஆனா ரூம்மேட்டுக்கும் சேர்த்துப் பாடும். ரெண்டு பேர் தூங்குற ரூம்ல, ஃபேன் கடகடக்குற ரூம்ல 'க்ளோஸ்டு பேக்'தான் சரி.

மைக் விஷயத்துல ரெண்டு வழி. கேமிங் ஹெட்செட் வாங்கினா மைக் கூடவே வரும். ஆனா நீங்க கொடுக்கிற காசு மைக், கலர் லைட், ஸ்பீக்கர்னு பங்கு போயிடும். பாட்டுதான் முக்கியம்னா, ஆடியோ டெக்னிகா ஏ.டி.எச். எம்20எக்ஸ் மாதிரி ஸ்டுடியோ வகையில ஒண்ணு எடுத்துட்டு, தனியா ஒரு காலர் மைக் சேர்த்துக்கலாம். லேப்டாப்ல ஒரே ஓட்டைன்னா நாலு கான்டாக்ட் உள்ள பின் வேணும். டெஸ்க்டாப்ல பச்சை, பிங்க்னு ரெண்டு ஓட்டைன்னா, ஒரு ஸ்பிளிட்டர் கேளுங்க. கழட்டி மாட்டுற வயர் இருந்தா இன்னும் நல்லது. முதல்ல சாகிறது எப்பவும் வயர்தான். ப்ளூடூத்? பாட்டுக்கு ஓகே. கேம்ல ஒரு நொடியில பத்துல ஒரு பங்குக்கு மேல சத்தம் லேட்டா வர்றது சகஜம். மைக்கை ஆன் பண்ணினா பாட்டோட தரமும் போன் பேசுற மாதிரி இறங்கிடும். வயர் வேணாம்னா, யு.எஸ்.பி. டாங்கிளோட வர்ற 2.4 கிகா ஹெர்ட்ஸ் மாடலைப் பாருங்க.

எல்லாத்தையும் விட முக்கியம், பத்து நிமிஷம் மாட்டிக்கிட்டு நிக்கிறது. கண்ணாடி போட்டவங்க கண்ணாடியோடயே மாட்டிப் பாருங்க. பிரேம் காதுல குத்துதா? தலையைக் கவ்வுதா? சென்னை வெயில்ல ரெக்ஸின் மாதிரி குஷன் வேர்த்து, நாளடைவுல தோல் உரியும். துணி குஷன் காத்தோட்டமா இருக்கும், ஆனா வெளிச் சத்தத்தைக் கொஞ்சம் உள்ளே விடும். மாத்து குஷன் கிடைக்குமான்னு அப்பவே கேட்டு வெச்சுக்கோங்க.

விலை பேசுறதுக்கு முன்னாடி நாலு கடை ஏறி இறங்குங்க. பிராண்டு பேரு இருந்தும் விலை மட்டும் பாதிக்குப் பாதின்னா, சந்தேகப்படுங்க. டப்பாவுல எம்.ஆர்.பி., இறக்குமதி பண்ணினவங்க பேர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்புங்கிற விவரம் அச்சாகி இருக்கணும். இது சட்டம். ஜி.எஸ்.டி. பில் கேட்டா, "பில் வேணாம்னா குறைச்சுக்கலாம் தம்பி"ன்னு ஒரு குரல் வரும். குறையிற அந்தக் காசு, உங்க வாரன்டியோட விலை!

கடைசியா, எந்தக் கடையிலும் சொல்லித் தராத ஒண்ணு. உள்காதுல சத்தத்தை உணர்ற நுண்முடி செல்கள் ஒருதரம் அழிஞ்சா மறுபடி முளைக்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல்னா வெறும் 4 மணி நேரம்! சத்தம் பத்து டெசிபல்தான் ஏறுது, நேரமோ பத்துல ஒரு பங்கா சுருங்குது. தெனமும் ராத்திரி ரெண்டு மணி நேரம் கேம் ஆடுறவருக்கு, 90 டெசிபல்ல ரெண்டே ராத்திரியில அந்த வாரக் கோட்டா முடிஞ்சிடும்.

அதனால, குறைஞ்ச சத்தத்துலயும் எல்லாம் தெளிவா கேட்குதா? இதுதான் நாலாயிரம் ரூபாய்க் கேள்வி. ஆமான்னு உங்க காது சொன்னா, பில்லைப் போடச் சொல்லுங்க பாஸ். ஹெட்போனுக்கு வாரன்டி ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ. காதுக்கு அது கிடையாது, எக்ஸ்சேஞ்சும் கிடையாது!