மிச்ச நீரின் வழி

அடையாற்றுக்கு மலை கிடையாது, ஊற்றுக்கண்ணும் கிடையாது. ஏரிகள் நிறைந்ததும் கலங்கல் தாண்டி வழியும் மிச்ச நீர்தான் அது. தாம்பரத்துக்கு மேற்கே மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளில் தொடங்கி, சுமார் 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது. ஓடுகிறது என்பது கோடையில் ஒரு மரியாதைக்காகச் சொல்வது.

தொடக்கத்திலேயே வரலாறு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியைப் புறங்காட்ட வைத்த களங்களில் மணிமங்கலமும் ஒன்று.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மனை வாங்க வந்தவர்களின் கண்ணுக்கு இந்த ஆறு வெறும் வாய்க்காலாகத்தான் தெரிந்தது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வழிந்தன, தெருக்களுக்குள் படகு வந்தது. இன்றும் அங்கே வீடு பார்க்கப் போகிறவர்கள், வாடகையைக் கேட்பதற்கு முன் அந்த வருஷம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்கிறார்கள்.

செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் வந்து சேர்வது திருநீர்மலை அருகே. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான இந்த ஊரில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் காட்சி தருகிறார். திருமங்கையாழ்வார் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றி ஒரே தண்ணீராம். வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்தார் என்பது ஐதீகம். பக்தருக்கு அது பொறுமையின் கதை. பொதுப்பணித் துறைக்காரர் படித்தால் வெள்ள அறிக்கை! ஊர்ப்பெயரிலேயே நீரை வைத்துவிட்டுப் போனவர்களை விட வேறு யார் எச்சரிக்க முடியும்?

அனகாபுத்தூரில் தறிச் சத்தம். ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குப் போகும் மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நெய்த ஊர் அது. அந்தச் சந்தை கைவிட்டபின் வாழைநாரில் சேலை நெய்யவும் கற்றுக்கொண்டது. அடுத்து மீனம்பாக்கம். விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை ஆற்றின் மேலேயே பாலம் போட்டுக் கடக்கிறது. 2015இல் ஆறு மேலேறி வந்தது. விமான நிலையம் சில நாள் மூடிக் கிடந்தது.

சைதாப்பேட்டையில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1726இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் தன் கைப்பணத்தில் இங்கே பாலம் கட்டினார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளையும் செப்பனிட்டார். கட்டியதோடு விடாமல், பராமரிப்புக்கென்று தனியாகப் பணமும் ஒதுக்கினார். பெயர் பொறிக்கக் கொடுப்பவர்கள் நிறைய. பத்து வருஷம் கழித்துப் பூச்சு உதிரும் என்று யோசித்துக் கொடுப்பவர் அபூர்வம். இப்போது அதே இடத்தில் நிற்பது மறைமலை அடிகள் பாலம். பக்கத்திலேயே சின்னமலை, புனித தோமா ஒளிந்திருந்ததாகக் கிறிஸ்தவர்கள் நம்பும் குகை அங்கே இருக்கிறது.

கடலை நெருங்கும்போது தென்கரையில் பிரம்மஞான சபையின் தோப்பு. சபை 1882இல் இங்கே இடம் வாங்கியது. அதன் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் சாய்ந்தது. விழுதுகள் தாங்கி நிற்கின்றன.

முகத்துவாரத்தில் வடக்கே சீனிவாசபுரம், தெற்கே ஊரூர் ஆல்காட் குப்பம். இரண்டுக்கும் இடையே 1977இல் இடிந்த ‘உடைந்த பாலம்’ அப்படியே நிற்கிறது. இதற்கு யாரும் உஸ்கான் மாதிரி பணம் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது. கோடையில் மணல்திட்டு வாயை அடைத்துக்கொள்ள, ஏரிகள் வேண்டாமென்று விட்ட நீர் பாலத்தடியில் தேங்கி நிற்கிறது. அடுத்த ஐப்பசிக்குள் வழி வெட்ட, பொக்லைன் வர வேண்டும்.