இதயம் நின்றதா?

செமஸ்டர் பரீட்சை அன்று காலை ராஜகீழ்ப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பி.காம். மாணவனைப் பார்த்திருப்பீர்கள். கையில் காஸ்டிங் புத்தகம், உதட்டில் முணுமுணுப்பு. தாம்பரம் பக்கம் போகும் பஸ்களில் கால் வைக்க இடமில்லை. உள்ளங்கை வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. காத்திருப்பது புலியல்ல, வெறும் கேள்வித்தாள்தான். ஆனால் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாதே! பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்ள, அட்ரீனல் சுரப்பி அட்ரீனலினைக் கொட்டுகிறது. பின்னாலேயே கார்ட்டிசாலும் வருகிறது. கார்ட்டிசால் கூடினால் படித்ததை நினைவுக்குக் கொண்டுவருவது கடினமாகும். இரவெல்லாம் படித்த சூத்திரம் காலையில் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இதயத்தைப் பார்த்து 'மெதுவாகத் துடி' என்று சொல்ல முடியுமா? யோகிகள் அதை நிறுத்தியே விடுவார்கள் என்று ஒரு காலத்தில் பெரிய பேச்சு இருந்தது. 1935-ல் பிரெஞ்சு மருத்துவர் தெரேஸ் ப்ராஸ் இசிஜி கருவியோடு இந்தியாவுக்கு வந்து சோதித்தார். அப்போது மைசூரில் இருந்து, பிறகு சென்னையில் குடியேறிய யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாவும் சோதிக்கப்பட்டவர்களில் ஒருவர்.

வெங்கர், பக்சி, ஆனந்த் என்ற மூன்று ஆய்வாளர்கள் மறுபடியும் யோகிகளைச் சோதித்து, 1961-ல் முடிவை வெளியிட்டார்கள். இதயம் நிற்கவே இல்லை! மூச்சைப் பிடித்து, தொண்டையை அடைத்து, தசைகளை இறுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. நாடி கைக்குத் தட்டுப்படாமல் போகிறது. இசிஜியில் மட்டும் துடிப்பு தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

வித்தை என்னவோ பிரமாதம்தான். ஆனால் பஸ் ஸ்டாப் மாணவனுக்கு அதனால் என்ன பயன்? அவனுக்கு உதவுவது நேர் எதிரான, சாதுவான பயிற்சி. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே கூடும், விடும்போது குறையும். விடும் நேரத்தில் வேகஸ் நரம்பு இதயத்துக்குப் பிரேக் போடுகிறது. எனவே நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விட்டால் பிரேக் அதிக நேரம் பிடிக்கும். நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும் மூச்சு ஆறாகக் குறையும். இடையில் அடக்கவே வேண்டாம்.

படிக்காத பாடத்தை இது கொண்டுவராது என்பது வேறு விஷயம்! தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. பரீட்சை ஹால் வாசலில் முதல் முறையாக முயல்வதைவிட, இரண்டு வாரம் முன்பே தினமும் ஐந்து நிமிடம் பழகிக்கொள்ளலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமே போதும்.