பத்து மில்லிஆம்பியர்

ஸ்ரீ கெம்பாங்கானில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பிளாட்டில் குளியலறைதான் துணி துவைக்கும் இடமும். வாஷிங் மெஷினுக்கு வேறு இடமில்லை. அதற்கான சொக்கெட், குழாயடியில் நின்று கை நீட்டினால் எட்டிவிடும். முன்பு குடியிருந்தவர்கள் அடுப்படியிலிருந்து வயர் இழுத்து மாட்டியது. பக்கத்துச் சுவரில் வாட்டர் ஹீட்டர்.

ஹீட்டரைப் போட்டால் சில காலைகளில் வீடே இருட்டாகும். "பேய் புடிச்ச ஹீட்டர்" என்பார் அம்மா. வீட்டுக்காரரிடம் சொன்னோம், ஒருவரை அனுப்பினார். பத்து நிமிட வேலை. "இனிமே கட் ஆகாதுக்கா" என்றார். சொன்னபடியே அதன்பிறகு ஒருமுறைகூட கட் ஆகவில்லை. இரண்டு மாதம் கழித்து அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "ஷவரத் தொட்டா சுர்ருன்னு இருக்குடா."

லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தேன். மீட்டர் பெட்டிக்குக் கீழே இருந்த ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினார். அசைவில்லை. மூடியைக் கழற்றிக் காட்டினார்: கருவி இருக்கிறது, வயர் அதன் வழியாகப் போகவில்லை. ஹீட்டரில் எர்த் வயரையும் பிடுங்கி விட்டிருந்தார்கள். பேயை ஓட்டவில்லை, அது வந்தால் கத்தும் நாயைக் கொன்றிருக்கிறார்கள்.

ஆர்சிசிபி செய்வது ஒரு கணக்குதான். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ கசிகிறது, உடனே துண்டிக்கும். ஹீட்டருக்குள் கசிந்தது எர்த் வழியாக ஓடியதால்தான் வீடு இருட்டானது. எர்த்தும் இல்லை, ஆர்சிசிபியும் இல்லை என்றால் மிச்சமிருக்கும் வழி அம்மாவின் உடம்பு.

பிளக்கில்தான் ஃபியூஸ் இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். அது 13 ஆம்பியர், அதாவது 13,000 மில்லிஆம்பியர். வயரைக் காப்பாற்றத்தான் அது. சுமார் 10 மில்லிஆம்பியரிலேயே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். நனைந்த தோல் கரண்டுக்குப் போடும் தடை மிகவும் குறைவு. நம் நாட்டு 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள் இதை யோசித்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன: கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30 மில்லிஆம்பியர், தரை ஈரமாகும் இடங்களுக்கு 10. மூன்று கால் பிளக்கை நமக்குத் தந்த பிரிட்டனில், குளிக்கும் இடத்திலிருந்து 3 மீட்டருக்குள் சாதாரண சொக்கெட் கூடாது என்று பல ஆண்டுகள் விதி இருந்தது. 2022இல்தான் 2.5 ஆகக் குறைத்தார்கள். எங்கள் குளியலறையின் மொத்த நீளமே அவ்வளவு வராது.

விதி இருந்தும் பிளாட்டுகளில் ஏன் இப்படி? வீட்டுக்காரருக்கு இருட்டு ஒரு புகார். கசிவு புகாராக வருவதில்லை. இன்னொன்றும் தோன்றுகிறது. அங்கே ஈரத்தில் அதிக நேரம் நிற்பது துணி துவைக்கும் பெண்கள். செலவுக்குச் சரி சொல்ல வேண்டியவர் அந்தத் தரையை மிதிப்பதேயில்லை.

எங்கள் பணத்திலேயே செய்தோம். ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, புது எர்த், குளியலறைக்கு வெளியே சுவிட்ச். மெஷின் சொக்கெட்டும் வெளியே போனது. "வாடகை வீட்டுக்கு எதுக்குடா இவ்ளோ?" என்று அம்மா இரண்டு நாள் முணுமுணுத்தார். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை இப்போது அவர்தான் அழுத்துகிறார்.

கீழ்வீட்டு அண்ணன் வந்து பார்த்தார். அவர் வீட்டிலும் அதே ஆள் வந்து அதே பத்து நிமிடம் வேலை செய்திருக்கிறார். செலவைக் கேட்டார், சொன்னேன்.

"சம்பளம் வரட்டும் தம்பி, பாப்போம்" என்றார். அது மாதத்தின் எட்டாம் தேதி.