வோஜிரார் தெருவில் ஒரு குசினி

லா கூர்னேவ், பாரிஸ் புறநகர்
2025 பெப்ரவரி 16, ஞாயிறு

அன்புள்ள சிநேகிதிக்கு,

நோத்ருதாமில் உம்முடைய மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டேன். 2019இல் எரிந்த கோயில் போன டிசம்பரில்தான் மறுபடி திறந்தது. உள்ளே கல்லெல்லாம் நேற்றுக் கழுவி வைத்ததுபோல் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வரிசையில் நின்று, சனத்தோடு சனமாகத் தள்ளுப்பட்டு, உம்முடைய அம்மாவின் பெயரைச் சொல்லித் திரியை வைத்துவிட்டு வந்தேன். உமக்கு எழுத வேண்டியது வேறொன்று.

நான் புறப்படுவதற்கு முதல்நாள் அந்தோனியார் கோயில் வாசலில் நின்று நீர் சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. அம்மா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து ஒரு செபமாலையை முழுதாகச் சொல்லி முடித்ததில்லை என்றீர். இரண்டாம் தேவரகசியத்துக்கு வரும்போது அம்மா கூப்பிடுவா. திரும்பிப் படுக்க வைக்க வேணும், கஞ்சி பருக்க வேணும், துடைக்க வேணும், துணி அலச வேணும். “ஆண்டவருக்கெண்டு ஒண்டும் மிஞ்சுதில்லை” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தீர். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இங்கே வந்து மூன்று கிழமைக்குள், ஏறக்குறைய அதே வார்த்தையை வேறொரு வாயிலிருந்து கேட்டேன்.

நான் தங்கியிருப்பது சித்தியின் கடைக்குட்டி வீட்டில். அவன் மகளின் ஞானஸ்நானத்துக்குத்தானே வந்தேன். அது நல்லபடி முடிந்தது. அன்று ஒருநாள்தான் அவன் கோயிலுக்குள் நின்றதை நான் கண்டது. அவன் ஒரு றெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறான். ஞாயிறென்றால் இரட்டை வேலை. “பூசை கண்டு எத்தினை வருஷமெண்டு எனக்கே தெரியாது அக்கா. ஆண்டவருக்கும் எனக்கும் இப்ப பெரிய தொடர்பில்லை” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. தொலைந்துபோன பொருளைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னான்.

பாரிசுக்கு வந்த எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் முதன்முதலில் கால் வைத்தது றெஸ்ரோரண்ட் குசினிக்குள்தான். அந்தக் குசினி என்ற சொல்லையே பாரும். போர்த்துக்கேயர் எங்கள் ஊரில் விட்டுப்போன சொல் அது. இங்கே பிரெஞ்சுக்காரர் ‘குய்சின்’ என்கிறார்கள். இரண்டுக்கும் வேர் லத்தீனில் ஒன்றுதான். எங்கள் பிள்ளைகள் இத்தனை கடல் கடந்து வந்தும், வேலைத்தலத்துக்கு அம்மாவின் அடுப்படிப் பெயரையே சொல்கிறார்கள்.

போன செவ்வாய் பின்னேரம், மத்தியானக் கூட்டம் ஓய்ந்து இரவுக் கூட்டம் தொடங்க முன்னுள்ள இடைவெளியில், அவன் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். படியிறங்கி நிலத்துக்குக் கீழே போக வேண்டும். யன்னல் இல்லை. பீங்கான்களைத் தட்டில் அடுக்கி மெஷினுக்குள் தள்ளி மூடியை இழுத்துவிட்டால் அது கழுவித் தருகிறது. ஆனால் பெரிய சட்டிகள் அதற்குள் கொள்ளாது. அடிப்பிடித்த தாச்சிகளை அவன் தொட்டியில் ஊறவைத்துக் கம்பித்தும்பால் உரஞ்சுகிறான். கையுறை போட்டாலும் கிழிந்துவிடுகிறது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சவர்க்காரத் தண்ணீர் பட்டுப் பட்டு, அவன் கை அவனைவிட இருபது வயது கூடிய கையாக இருந்தது.

அங்கேதான் அதைக் கண்டேன். தொட்டிக்குள் கை வைக்க முன்னம் அவன் விரல் நுனியால் தண்ணீரைத் தொட்டு, நெற்றிக்குக் கொண்டுபோய், சின்னதாக ஒரு சிலுவை போட்டான். கண் மூடித் திறக்கும் நேரம்தான்.

“என்ன தம்பி அது?” என்றேன்.

“எது?” என்று கேட்டான். தான் செய்ததே அவனுக்குத் தெரியவில்லை. பிறகு யோசித்துச் சொன்னான்: “அப்பா வள்ளத்தில ஏற முன்னம் கடல்தண்ணியைத் தொட்டு நெத்தியில சிலுவை போடுவார். அது கையில நிண்டிட்டுது. பழக்கம், அக்கா. செபமொண்டுமில்லை.”

அந்தப் ‘பழக்கம்’ என்ற சொல்தான் மறுநாள் என்னை வோஜிரார் தெருவுக்கு அனுப்பியது.

மறுநாள் பெப்ரவரி 12. 1691இல் அதே நாளில் இந்த நகரத்தில் லோரன்ஸ் என்ற ஒரு துறவறச் சகோதரர் இறந்தார். உயிர்ப்பின் லோரன்ஸ் என்பது அவருடைய சபைப்பெயர். கடவுளின் பிரசன்னத்தில் வாழப் பழகுவது பற்றி அவர் சொன்னவற்றைத் தொகுத்த சின்னப் புத்தகத்தை முன்பு உமக்கு இரவல் தந்தேனே, நினைவிருக்கும். லா கூர்னேவில் ரயிலேறி, கார் து நோரில் மாறி, நாலாம் இலக்க மெத்ரோவில் சென் பிளாசித் நிலையத்தில் இறங்கினேன். நடந்துபோகிற தூரம்தான். 70ஆம் இலக்கத்தில் சூசையப்பர் கோயில் இருக்கிறது. அதோடு ஒட்டி இப்போது கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். 1613இல் அரசி மரி த மெதிச்சி அடிக்கல் வைத்த கோயில் அது. அந்நாளில் இது கார்மேல் சபை மடம். எங்கள் தோலகட்டி ஆச்சிரமத்து நெல்லிரசம்போல, இந்த மடத்துத் துறவிகள் வடித்த மெலிசா மூலிகைநீர் ஊரெல்லாம் பேர்பெற்றிருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792 செப்டம்பர் 2ஆம் தேதி, இங்கே நூற்றுக்கு மேற்பட்ட குருமாரைக் கொன்றார்கள். கோயிலின் நிலவறையில் அவர்களுடைய எலும்புகள் இருக்கின்றன. எங்கள் பங்கில் ஏழைகளுக்கு அரிசி கொடுக்கும் வின்சென்ட் டி போல் சபையைத் தொடங்கிய ஒசானாமின் கல்லறையும் அங்கேதான். பார்க்க வருகிறவர்கள் அவற்றைத்தான் பார்க்க வருகிறார்கள். லோரன்ஸ் சமைத்த குசினி எங்கே இருந்தது என்று காட்ட எதுவும் என் கண்ணில் படவில்லை. பின்வாங்கில் இருந்து, இந்த நிலத்தில் எங்கோ ஓரிடத்தில் அந்த மனிதர் அடுப்பு மூட்டியிருப்பார் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அவருடைய பிறப்புப் பெயர் நிக்கோலா எர்மான். லொரேன் பகுதிக் கிராமத்துப் பிள்ளை. முப்பதாண்டுப் போரில் படைக்குப் போய்க் காலில் காயப்பட்டவர். அந்தக் காலோடு சாகும்வரை நொண்டினார். 18 வயதில், மாரிக்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து நின்ற ஒரு மரத்தைக் கண்டு, இது மறுபடி தளிர்க்குமே, பூக்குமே, காய்க்குமே என்று எண்ணினார். அந்த எண்ணத்திலேயே கடவுள் அவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இந்தக் கதை முன்பே தெரியும். ஆனால் எங்கள் ஊரில் மரம் அப்படி மொட்டையாகாதே. கோயிலைவிட்டு வெளியே வந்து பக்கத்திலுள்ள லுக்சம்பூர் தோட்டத்தில் நின்று பார்த்தபோதுதான் விளங்கியது. நூற்றுக்கணக்கான மரங்கள், ஒரு இலைகூட இல்லை, கறுத்த கொப்புகள் மட்டும். முன்பின் அறியாதவன் கண்டால் எல்லாம் பட்டுப்போயிற்று என்றே சொல்வான்.

மடத்துக்கு முன்னம் ஒரு பெரிய மனிதர் வீட்டில் ஏவலாளாக நின்றார். கை வைத்ததையெல்லாம் உடைத்தார். 1640இல் இந்த மடத்தில் சேர்ந்தார். குருவாக அல்ல, வேலைக்காரச் சகோதரராக. அவரைக் குசினிக்குப் போட்டார்கள். அங்கே 15 வருஷம் இருந்தார். கால் மோசமான பிறகு செருப்புத் தைத்தார். மடத்துக்கு வைன் வாங்கப் பர்கண்டிக்கு அனுப்பினார்கள். படகில் நடக்க முடியாமல் பீப்பாய்கள்மேல் உருண்டு உருண்டு போனாராம். இந்த மனிதர்தான், சட்டியில் முட்டைப்பொரியலைப் பிரட்டுவதைக்கூடக் கடவுளுக்காகச் செய்யலாம் என்றவர். செபநேரம், வேலைநேரம் என்று அவர் இரண்டாகப் பிரித்து வைக்கவில்லை. குசினிச் சத்தத்துக்குள் பலபேர் பலதைக் கேட்டுக் கத்தும்போதும், நற்கருணைக்கு முன்னால் முழங்காலில் இருக்கிற அதே அமைதி தனக்கு இருந்தது என்று சொல்லியிருக்கிறார்.

இதை மட்டும் கேட்டால் உமக்கு எரிச்சல் வரும். எனக்கும் ஒருகாலம் வந்தது. மலக்கோப்பை கழுவுகிறவளிடம் போய் இதெல்லாம் செபம்தான் என்று சொல்லிவிட்டு நழுவுவது சுலபம். ஆனால் அவர் சுலபம் என்று சொல்லவில்லை. பழக்கம் என்றார். தொடக்கத்தில் மறந்து மறந்து போகும். மறந்தது தெரிந்தவுடன், தன்னைத் திட்டிக்கொண்டிராமல், மனதை மறுபடி கடவுள்பக்கம் திருப்ப வேணும். அப்படித் திருப்பித் திருப்பித்தான் அது கையில் நிற்கும். அதற்கும் முன்னே ஏறத்தாழ 10 வருஷம் அவர் மனம் இருட்டில் கிடந்தது. கடவுள் தன்னைக் கைவிட்டார் என்றே நினைத்திருந்தார்.

‘உயிர்ப்பின்’ என்ற அந்தப் பெயரை நினைத்தபடி திரும்பி வந்தேன். உயிர்த்த ஆண்டவர் என்றால் கல்லறையும் வானதூதரும் வெளிச்சமும்தான் எங்கள் மனதில் வரும். யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாரும். இராமுழுக்க வலை வீசி வெறுங்கையோடு நின்ற சீடர்களுக்கு முதலில் வலை நிறைய மீனைக் கொடுத்தார். அவர்கள் கரைக்கு வந்தபோது, தணல் மூட்டி, மீன் சுட்டு, அப்பமும் வைத்துக் காத்திருந்தார். பாசையூர்க் கரையில் வளர்ந்த எங்களுக்கு அந்த விடியற்காலையும் அந்த மணமும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாவை வென்று வந்தவர் செய்த வேலைகளில் ஒன்று சமையல். குசினிச் சகோதரருக்கு அந்தப் பெயர் அமைந்தது எனக்குச் சரியாகவே படுகிறது.

அன்றிரவு தம்பி வேலை முடிந்து வரும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. மச்சாளும் பிள்ளையும் நித்திரை. அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, போன இடத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

“அக்கா, அவருக்கு மடம் சாப்பாடு போட்டது. நான் வாடகை கட்ட வேணும், ஊருக்கு அனுப்ப வேணும். முந்தி ஒரு இடத்தில மூண்டு மாசம் மேலதிக நேரத்துக்குக் காசு தரேல்லை. அங்கையும் ஆண்டவருக்கெண்டு கழுவச் சொல்லுறியளோ?”

அவன் கேட்டது நியாயம். நான் இல்லையென்று சொல்லவில்லை. கடவுள் குசினியில் இருக்கிறார் என்பதைக் காட்டி ஒருவனின் கூலியை யாரும் மறிக்க முடியாது. அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்தவர்களை யாக்கோபு தன் திருமுகத்தில் எப்படிக் கண்டித்தார் என்று அவனுக்குச் சொன்னேன். அதுவும் இதே வேதம்தான். குசினியில் இருக்கிற ஆண்டவர் அங்கே கழுவுகிறவன் பக்கத்தில்தான் நிற்கிறார் என்று நான் நம்புகிறேன். அந்தக் காசை அவன் கேட்டிருக்க வேண்டும். இப்போதும் கேட்கலாம் என்றேன். அப்பாவின் கையிலிருந்து வந்த சிலுவையைச் செபமில்லையென்று மட்டும் சொல்லாதே என்றும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

தேத்தண்ணி முடிந்து கோப்பையைக் கழுவ எழும்பினான். நான் வாங்கிக்கொண்டேன்.

“அவருக்குக் குசினி வேலை விருப்பமோ?” என்று கேட்டான்.

“இல்லை. சரியான வெறுப்பு. இயல்பிலேயே பிடிக்காதாம்.”

அதற்குத்தான் அவன் நிமிர்ந்து பார்த்தான். “எத்தினை வருஷம் நிண்டவர்?”

“15.”

“எனக்கு இந்த வைகாசியோட 11” என்றான். பிறகு, சித்தி கொடுத்துவிட்ட தேங்காயெண்ணெய்ப் போத்தலை அலுமாரியிலிருந்து எடுத்து, கதிரையில் இருந்து, வெடித்த விரல்களுக்கு ஒவ்வொன்றாகப் பூசினான்.

இன்று ஞாயிறு. விடிய ஒன்பது மணிக்கே வேலைக்குப் போய்விட்டான். நான் மச்சாளோடும் பிள்ளையோடும் பூசைக்குப் போய்வந்து இதை எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை புறப்படுகிறேன். அம்மாவின் முதுகுக்குப் பூச இங்கே ஒரு களிம்பு நல்லதென்று மச்சாள் சொன்னா, இரண்டு குழாய் வாங்கி வைத்திருக்கிறேன். புண் ஆழமாகியிருந்தால் நேர்ஸிடம் காட்டாமல் பூச வேண்டாம். இரவில் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க நான் வந்ததும் கிழமையில் இரண்டு நாள் என்னைக் கூப்பிடும்.

அன்புடன்,
உம்முடைய சிநேகிதி